முந்திரிக்காட்டில் முதல் நெடுந்தூர ஓரியன்டீரிங்: கிளப்போடு போகிறவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓட்டக் குழுக்களில் இருப்பவர்களுக்குப் பத்து கிலோமீட்டரும் அரை மராத்தானும் பழகிய விஷயம். அங்கே வழியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அம்புக்குறி இருக்கும், முன்னால் ஓடுகிறவரின் முதுகு தெரியும். ஓரியன்டீரிங்கில் அந்த வசதி கிடையாது. கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ், அவ்வளவுதான். மேப்பில் வட்டமிட்டிருக்கும் இடங்களை 1, 2, 3 என்ற வரிசை மாறாமல் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி தொங்கும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அங்கே வந்ததற்கு அடையாளமாக பஞ்ச் செய்துவிட்டு, அதாவது அட்டையில் குத்தியோ சிப்பில் பதிந்தோ, அடுத்ததற்குப் போக வேண்டும். எந்த வழியாகப் போவது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர் வரும் ஜனவரியில் முதல் முறையாக நெடுந்தூரப் போட்டியில் ஓடப் போகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று. நாம் ஒரே வண்டியில் போவோம், ஒரே இடத்தில் சாப்பிடுவோம். ஆனால் ஸ்டார்ட்டைத் தாண்டியதும் ஒவ்வொருவரும் தனி. இது விதியும்கூட. தனிநபர் போட்டியில் இன்னொருவரிடம் வழி கேட்பதும், ஒருவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடுவதும் கூடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், அப்படி ஓடினால் என்ன ஆகும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

நெடுந்தூரம் என்றால் எவ்வளவு

ஸ்வீடன், நார்வே காடுகளில் வளர்ந்த விளையாட்டு இது. பொதுமக்கள் கலந்துகொண்ட முதல் போட்டி 1897இல் நார்வேயில் நடந்தது. 1961இல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. ஸ்பிரின்ட், மிடில், லாங் என்று தூரத்தை வைத்துப் பிரிப்பார்கள். ஸ்பிரின்ட்டைத் தெருவிலும் பூங்காவிலும் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். லாங் என்பது காட்டுக்குள் ஓடுவது. உலகத் தரத்தில் ஓடுகிறவர்களுக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். புதியவர்களுக்கான கோர்ஸ், அதாவது ஸ்டார்ட்டிலிருந்து ஃபினிஷ் வரை தேட வேண்டிய கன்ட்ரோல்களின் வரிசை, அதைவிடச் சின்னதாக இருக்கும் என்றாலும், முதல் தடவை ஓடுகிறவர்கள் இரண்டு, இரண்டரை மணி நேரம் வெயிலில் இருக்கத் தயாராக வர வேண்டும்.

அறிவிப்பில் 6 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், அது கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் நேர்கோடு போட்டு அளந்தது. ஓடையைச் சுற்றி, வேலியைச் சுற்றிப் போகும்போது அது எட்டாகும், சிலருக்கு ஒன்பதாகும். ரோட்டில் 6 கிலோமீட்டர் ஓடும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ரோகெயின் என்று இன்னொரு வகை உண்டு. 1976இல் ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயரோடு தொடங்கியது. இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரு குழு, குரல் எட்டும் தூரத்தைவிட்டுப் பிரியாமல், 24 மணி நேரம் வரைகூடச் சுற்றுவார்கள். கூட்டாளியோடு சேர்ந்தே ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அது ஏற்றது. இங்கே சொல்வது தனியாக ஓடும் லாங் போட்டிக்கு.

மேப்பின் நிறங்கள், நம் மண்ணின் நிறங்கள்

முதலில் இதைப் பழகுங்கள், வேகம் தானாக வரும். ஓரியன்டீரிங் மேப் கூகுள் மேப் மாதிரி இருக்காது. வெள்ளை என்றால் வெறும் வெளி இல்லை, தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. வெட்டவெளி மஞ்சளில் இருக்கும். பச்சை அடர அடர உள்ளே நுழைவது கடினம். கரும்பச்சையில் கால் வைக்காதீர்கள், நம் பக்கம் அது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். நீலம் தண்ணீர். கறுப்பில் பாதை, வேலி, கட்டடம், பாறை. பழுப்பில் மண்ணின் ஏற்ற இறக்கம். அதற்கு மேல் ஊதாவில் உங்கள் கோர்ஸ்: முக்கோணம் ஸ்டார்ட், ஒற்றை வட்டம் கன்ட்ரோல், இரட்டை வட்டம் ஃபினிஷ்.

ஐரோப்பிய ஊசியிலைக் காட்டை வைத்து உண்டான குறிகள் இவை. நம் ஊருக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் காட்டில் நின்று பார்த்தால்தான் புரியும். சவுக்குத் தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையோடு ஓடினால் ரோடு மாதிரி இருக்கும், குறுக்கே போனால் பத்தடிக்கு ஒரு தடவை வளைந்து நெளிய வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஓடக்கூடிய காடு என்பதற்கு மேப்பில் தனிக் குறியே உண்டு, பட்டை பட்டையாக இருக்கும். அது ஓடும் திசையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்.

முந்திரி வேறு மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் நிழலான தோப்பு, சுலபமாகத் தெரியும். உள்ளே போனால் கிளைகள் தரை வரை தாழ்ந்து கிடக்கும், குனிந்து குனிந்து போக வேண்டும். இருபது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. காய்ந்த இலை கணுக்கால் வரை கிடப்பதால் கீழே குழி இருந்தாலும் தெரியாது. முந்திரிக்குள் உங்கள் வேகம் ரோட்டு வேகத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண் ஓடைகள்தான் நம் பகுதியின் செல்வம். கேப்பர் மலைச் சரிவிலும் பொம்மையார்பாளையம் பக்கமும் மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் பறித்திருக்கிறது. மேப்பில் இவை பழுப்புக் கோடுகள். கிளை பிரிந்து, வளைந்து, முடிந்து, பார்க்க மரத்தின் வேர் மாதிரி இருக்கும். போட்டி அமைப்பவர்கள் கன்ட்ரோலை ஓடை பிரியும் இடத்தில், ஓடையின் தலைமாட்டில், வளைவில் வைக்க விரும்புவார்கள். அதனால் ஓடையைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பனைமரம், கரையான் புற்று, மோட்டார் கொட்டகை, கிணறு ஆகியவை துணை அடையாளங்கள். கன்ட்ரோல் எதில் இருக்கிறது என்று சொல்லும் குறிப்புத் தாளில் புற்றுக்குத் தனிச் சின்னமே இருக்கிறது. மஞ்சள் பூசிக் கும்பிடும் புற்றுகளில் கொடி கட்டமாட்டார்கள், நாமும் ஒதுங்கிப் போக வேண்டும். தனி மரத்தை நம்பும்போது மட்டும் மேப் எந்த ஆண்டு வரைந்தது என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்தன என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மரம் மாறும், ஓடையும் மேடும் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அளவையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 1:10,000 மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது 100 மீட்டர், 1:15,000இல் 150. 100 மீட்டரை நீங்கள் எத்தனை அடியில் கடக்கிறீர்கள் என்று ஒரு நாள் அளந்து எழுதி வையுங்கள். இடது கால் படும்போது மட்டும் எண்ணுங்கள். எனக்கு நடையில் 62, ஓட்டத்தில் 42, முந்திரிக்குள் 70.

காம்பஸ் வாங்கும்போது

கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் காம்பஸ் ஓட்டத்துக்கு வசதி. கண்ணாடி போன்ற பட்டையில் பதித்த சாதாரண காம்பஸும் போதும். நம் ஊருக்கென்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. கேரளத்துத் தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைத்ததே அதனால்தான். ஐரோப்பாவில் ஊசியின் வடமுனை கீழே சாயும் என்பதால், அங்கே விற்கும் காம்பஸில் தென்முனைப் பக்கம் சற்றுக் கனம் கூட்டியிருப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் தென்முனை தாழ்ந்து அடியில் உரசும், ஊசி தயங்கித் தயங்கித் திரும்பும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால், நம் மண்டலத்துக்குச் சமன் செய்ததா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வந்ததும் தட்டையாகப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள்.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம். ஓரியன்டீரிங் மேப்பில் வடக்குக் கோடுகளைக் காந்த வடக்குக்கே வரைந்திருப்பார்கள். ஊசியையும் கோட்டையும் இணையாக்கினால் போதும். செல்போனையும் காம்பஸையும் ஒரே பையில் போடாதீர்கள். போனிலும் அதன் உறையிலும் இருக்கும் காந்தம் ஊசியைக் கெடுத்துவிடும், சில நேரம் வடக்கைத் தெற்காகவே மாற்றிவிடும்.

நடுப்பகலில் சூரியன் தெற்கே இருக்கும் என்று வெளிநாட்டுக் கையேடுகளில் படித்திருப்பீர்கள். நமக்கு அது வருடம் முழுக்கச் சரியாகாது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை புதுச்சேரியில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கோடையில் பழகுகிறவர்கள் நிழலை நம்பாமல் ஊசியைப் பாருங்கள்.

எங்கே பழகுவது

முதல் இரண்டு வாரம் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களே போதும். அங்கே எல்லாத் தெருவும் நேர்க்கோடு, எல்லா மூலையும் செங்கோணம். காலையில் வண்டி நடமாட்டம் தொடங்குமுன் ஒரு மேப்பை அச்செடுத்துக்கொண்டு பாரதி பூங்காவில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு மூலையிலும் திரும்பும்போது மேப்பையும் திருப்புங்கள். நீங்கள் தெற்கே பார்த்து நின்றால் மேப்பின் தெற்கும் முன்னால் இருக்க வேண்டும், எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. நிற்கும் இடத்தின் மேல் கட்டைவிரல் நகம் இருக்க வேண்டும். நகரும்போது விரலும் நகர வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பாதிப் பேர் காட்டில் தொலைவது இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதால்தான்.

அடுத்தது கடலோரச் சவுக்குத் தோப்பு. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். எல்லா மரமும் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணை நம்பி ஓட முடியாது. காம்பஸ் பிடித்து 300 மீட்டர் நேராகப் போய், எதிர்பார்த்த இடத்தில் வெளியே வருகிறீர்களா என்று பாருங்கள். பதினைந்து மீட்டருக்குள் வந்தால் நல்ல தேர்ச்சி.

அதற்குப் பிறகு திருவந்திபுரம், கேப்பர் மலைப் பக்கத்து முந்திரிக்கொல்லைகள். மத்தியச் சிறை இருக்கும் பகுதியில் மேப்பும் கையுமாக அலைய வேண்டாம், தள்ளியே இருங்கள். கொல்லைக்காரர் யார் என்று விசாரித்து அனுமதி வாங்குங்கள். பூவெடுக்கும் காலத்தில் மருந்து அடிப்பார்கள், மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்குவார்கள். அந்தச் சமயத்தில் போகக் கூடாது. அடை மழைக்குப் பிறகு, டிசம்பர் கடைசியும் ஜனவரியும் சரியான காலம். ஆரோவில் காடுகளும் அப்படித்தான். 1968க்குப் பிறகு பொட்டல் செம்மண்ணில் பலர் உழைத்து வளர்த்த காடு அது. கேட்காமல் நுழையக் கூடாது.

பயிற்சி மேப்பை கிளப்பிலேயே வரையலாம். ஓப்பன் ஓரியன்டீரிங் மேப்பர் என்ற மென்பொருள் இலவசம், போனிலும் ஓடும். அதில் வரைந்ததன் மேல் பர்ப்பிள் பென் என்ற இன்னொரு மென்பொருள் கொண்டு கோர்ஸ் போடலாம். மேப்ரன் என்ற செயலியில் ஏற்றிவிட்டால் கொடி கட்டவே தேவையில்லை, கன்ட்ரோல் இடத்துக்கு வந்ததும் போன் சத்தம் போடும். ஒரு தடவையாவது நீங்களே ஒரு மூலையை நடந்து வரைந்து பாருங்கள். அதற்கப்புறம் மற்றவர் வரைந்த மேப்பைப் படிப்பது வேறு மாதிரி ஆகிவிடும்.

முந்தின நாளும் காலையும்

நம் போட்டிகள் விடியற்காலையில் தொடங்கும், அதனால் எல்லாவற்றையும் முந்தின நாள் மாலையே எடுத்து வையுங்கள். முழுக்கால் பேன்ட், முட்டி வரை சாக்ஸ். முள் கிழிப்பதற்காக மட்டுமல்ல, இலைச் சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும் ஊர் இது. அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ. விசில், காம்பஸ், கைக்கடிகாரம். போனை ஒரு உறையில் போட்டு ஒட்டி, பையின் அடியில் வையுங்கள். அது அவசரத்துக்கு மட்டும்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சர்வதேச விதிப்படி, வெல்லக்கூடியவரின் வேகத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு முறையாவது தண்ணீர் கிடைக்க வேண்டும். வெல்கிறவர் 25 நிமிடத்தில் கடக்கும் தூரத்தை முதல் முறை ஓடுகிறவர் ஐம்பது நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ கடப்பார். அதுவும் குளிர்நாட்டை மனதில் வைத்து எழுதிய விதி. ஆகவே, தண்ணீர் வைத்திருக்கிறார்கள் என்று வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். ஒன்றரை லிட்டர் முதுகில் இருக்கட்டும். அதில் ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்துவிடுங்கள். சாப்பிடக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். காலையில் கிளம்புமுன் இரண்டு இட்லி, ஒரு பூவன் பழம். புதிதாக வாங்கிய எந்த எனர்ஜி ஜெல்லையும் போட்டி அன்றைக்கு முதன்முதலாகத் திறக்க வேண்டாம்.

கிளப்பாகப் போவதன் ஒழுங்கு

புறப்படுமுன் ஒரு தாளில் எல்லோர் பெயர், கோர்ஸ், ஸ்டார்ட் நேரம், வீட்டு எண் எழுதி வண்டியில் வையுங்கள். சாவி யாரிடம் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சாவி வைத்திருப்பவர் காட்டுக்குள் இருக்கும்போது மற்றவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது. கடைசியாக வருகிறவருக்கு எத்தனை மணி வரை காத்திருப்பது, அதற்குமேல் யார் அமைப்பாளரிடம் போய்ச் சொல்வது என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

ஒரே கோர்ஸில் ஓடும் இருவரை ஒரே நேரத்தில் விடமாட்டார்கள், சில நிமிட இடைவெளி இருக்கும். முதலில் முடித்து வந்தவர் இன்னும் கிளம்பாத கூட்டாளியிடம் மேப்பைக் காட்டக் கூடாது. "அஞ்சாவது கன்ட்ரோல் கொஞ்சம் உள்ளடங்கி இருக்கு, பாத்துப் போ" என்று அன்பில் வாய் வந்துவிடும். அதுவும் உதவிதான். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டில்

மின்னணுப் பஞ்ச் என்றால் விரலில் மாட்டும் சிப்பைத் தருவார்கள். ஸ்டார்ட்டுக்கு முன் அதை கிளியர் பெட்டியில் பழைய பதிவு அழியும் வரை வைத்திருந்து, பிறகு செக் பெட்டியில் வைத்துப் பாருங்கள். அட்டையும் ஊசிப் பஞ்ச்சும் என்றால், தவறான கட்டத்தில் குத்திவிட்டால் பதறாமல் ஓரத்தில் இருக்கும் உபரிக் கட்டத்தில் குத்திவிட்டு, ஃபினிஷில் சொல்லிவிடுங்கள்.

மேப் உங்கள் ஸ்டார்ட் நேரத்தில்தான் கைக்கு வரும். வாங்கியதும் ஓடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் சிட்டாய்ப் பறப்பார், பறக்கட்டும். மேப்பை வடக்குக்குத் திருப்புங்கள், முக்கோணத்தைத் தேடுங்கள், முதல் கன்ட்ரோலுக்கு என்ன வழி என்று முடிவுசெய்யுங்கள். நேரம் ஓடத் தொடங்கும் இடமும் முக்கோணமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. அடையாளமிட்ட பாதையில் கொஞ்ச தூரம் போன பிறகு ஒரு கொடி இருக்கும், அதுதான் முக்கோணம். அங்கே பஞ்ச் கிடையாது. அங்கே ஒரு அரை நிமிடம் நின்றாலும் நஷ்டமில்லை.

கன்ட்ரோல் குறிப்புத் தாளில் எட்டுப் பத்திகள். முதல் போட்டிக்கு மூன்று போதும்: வரிசை எண், கொடியில் எழுதியிருக்கும் குறியெண், அது எந்த அடையாளத்தில் இருக்கிறது என்ற சின்னம். குறியெண்கள் 31இலிருந்து தொடங்கும், வரிசை எண்ணோடு குழம்பிவிடாமல் இருப்பதற்காக.

நீண்ட லெக்

ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்ததற்குப் போவதை லெக் என்போம். நெடுந்தூரப் போட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு லெக் போட்டு, நடுவில் எதையாவது குறுக்கே வைப்பார்கள். நேரே போவதா, சுற்றிப் போவதா என்று நீங்கள் அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நேர்கோட்டில் 1.4 கிலோமீட்டர், முழுவதும் முந்திரி, நடுவில் மூன்று ஓடைகள். கிழக்கே சுற்றினால் வண்டிப்பாதை மட்டும் 1.9 கிலோமீட்டர், அதற்குப் பிறகு கடைசியில் 200 மீட்டர் முந்திரி. பாதையில் உங்களுக்குக் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், முந்திரியில் பதின்மூன்று என்று வையுங்கள். நேர்வழிக்கு 18 நிமிடம், அதோடு மூன்று ஓடை இறங்கி ஏறும் நேரம். சுற்றுவழிக்குப் பாதையில் பன்னிரண்டரை, முந்திரியில் இரண்டரை, மொத்தம் 15. அது மட்டுமில்லை, பாதையில் ஓடும்போது மேப்பைப் பார்க்க முடியும், அதற்கடுத்த லெக்கையும் அப்போதே யோசிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தொலைந்து போகவும் மாட்டீர்கள். புதியவர்களுக்கு என் தீர்மானமான அறிவுரை: சந்தேகம் வந்தால் பாதை.

வழியைப் பின்னாலிருந்து முன்னால் யோசியுங்கள். கன்ட்ரோல் வட்டத்தில் ஆரம்பித்து, அதற்கு மிக அருகே கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய அடையாளம் எது என்று பாருங்கள். ஒரு பாதைச் சந்திப்பு, மோட்டார் கொட்டகை, ஏரிக்கரையின் முனை, ஏதாவது ஒன்று இருக்கும். அட்டாக் பாயின்ட் என்று அதற்குப் பெயர். அதுவரை வேகமாகப் போகலாம். அங்கிருந்து கன்ட்ரோல் வரை காம்பஸும் அடி எண்ணிக்கையுமாக நடையில் போங்கள். கன்ட்ரோலைத் தாண்டிப் போய்விட்டால் எது உங்களைத் தடுத்து நிறுத்தும் என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள்: தார் ரோடு, மின்கம்பி வரிசை, பெரிய ஓடை.

ஓடையில் ஒரு புள்ளியைத் தேடிப் போகும்போது நேராக அதைக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே இடப்பக்கம் முப்பது மீட்டர் தள்ளிக் குறிவையுங்கள். ஓடை வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று நிச்சயமாகத் தெரியும். நேராகக் குறிவைத்துத் தவறினால் இடமா வலமா என்று அங்கேயே நின்று விழிப்பீர்கள்.

கொடி தெரிந்ததும் ஓடிப்போய் பஞ்ச் செய்யாதீர்கள். குறியெண்ணைப் படியுங்கள், தாளோடு ஒத்துப் பாருங்கள், பிறகு பஞ்ச். ஒன்றை விட்டாலும் வரிசை மாறினாலும் முழு ஓட்டமும் கணக்கில் சேராது.

தொலைந்தால்

மூன்று வருடத்துக்கு முன், என் முதல் நெடுந்தூரப் போட்டி. நான்கு கன்ட்ரோல் சரியாக வந்துவிட்டது. ஐந்தாவது ஒரு ஓடைப் பிரிவில், குறியெண் 43. போய்க்கொண்டிருக்கும்போது இடப்பக்கம் ஐம்பது அறுபது மீட்டரில் எங்கள் கிளப் சட்டை தெரிந்தது. எனக்கு மேப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன். அவர் போகிற பக்கம் ஓடை இருக்கிறது, அவருக்குத் தெரியாததா என்று நானும் திரும்பிவிட்டேன். கட்டைவிரல் மேப்பைவிட்டு விலகியது அப்போதுதான். அவர் பஞ்ச் செய்துவிட்டு அடுத்த பக்கம் ஏறி மறைந்தார். நான் கொடிக்குப் போய்ப் பார்த்தால் 47. அவர் ஓடியது நீளமான வேறு கோர்ஸ்.

நின்ற இடம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டாள் உயரச் செம்மண் சுவர், அதிலிருந்து முந்திரி வேர் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மூன்று பனை, நடுவில் இருப்பது தலையில்லாத மொட்டைப் பனை. மேப்பில் ஓடைகள் பத்து இடத்தில் பிரிகின்றன, எல்லாமே நான் நிற்கும் இடம் போலத்தான் தெரிந்தன. கொஞ்ச தூரம் மேலே ஏறி, திரும்ப இறங்கி, இன்னொரு கிளையில் நுழைந்து அலைந்தேன். நேரம்தான் போயிற்று.

கடைசியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தேன். கிழக்கே லாரி சத்தம் மெலிதாகக் கேட்டது. மேப்பின் கிழக்கு ஓரம் முழுக்கத் தார் ரோடு. காம்பஸை கிழக்குக்கு வைத்து வேறெதையும் பார்க்காமல் நடந்தேன். ரோட்டுக்கு முன்பே வண்டிப்பாதை ஒன்று வந்தது, அதில் ஒரு மோட்டார் கொட்டகை. மேப்பில் பாதையோரம் ஒரே ஒரு கறுப்புச் சதுரம்தான் இருந்தது. விரலை அதன்மேல் வைத்த கணத்தில் காடு முழுவதும் மறுபடி இடத்துக்கு வந்தது. அங்கிருந்து 43க்கு நாலு நிமிடம்தான். இழந்தது 22 நிமிடம்.

ஆகவே, தொலைந்தது தெரிந்த உடனே நில்லுங்கள். மேப்பைத் திருப்பி வடக்கைச் சரிசெய்யுங்கள். கடைசியாக எந்த இடம் நிச்சயமாகத் தெரியும், அதற்குப் பிறகு எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் வந்தீர்கள் என்று யோசியுங்கள். முதலில் சுற்றியிருப்பதைப் பாருங்கள், பிறகு அதை மேப்பில் தேடுங்கள். மேப்பில் ஒரு இடத்தை நினைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தால், மனது பொருந்தாததையும் பொருத்திக் காட்டும். இரண்டு நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால், தவறவே முடியாத பெரிய அடையாளத்துக்குப் போங்கள். கூட்டாளி கண்ணில் பட்டால் தலையசைத்துவிட்டு மேப்பைப் பாருங்கள்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டிய நேரம்

கொல்லைகளில் சுவரில்லாத மொட்டைக் கிணறுகள் உண்டு, விளிம்பு வரை செடி மூடியிருக்கும். மேப்பில் நீலச் சதுரம் பார்த்தால் அந்தப் பக்கம் ஓட்டமே வேண்டாம். ஓடைக்கரையின் விளிம்பிலும் ஓடாதீர்கள், அடியில் மண் அரித்திருக்கும்.

அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் போட்டி அங்கேயே முடிந்தது. உதவுவது ஒவ்வொரு ஓட்டக்காரரின் கடமை. விதியும் அதைத்தான் சொல்கிறது. உதவிக்கு விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். தலை சுற்றினாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ, குளிர் நடுக்கம் போல இருந்தாலோ நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். ஓட்டத்தைப் பாதியில் விட்டாலும் ஃபினிஷுக்குப் போய்ப் பதிவுசெய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாமல் போன ஒருவருக்காக இருட்டும் வரை காட்டைச் சல்லடை போட்டுத் தேட வைத்துவிடாதீர்கள்.

முடிந்த பிறகு

கிளப் என்பது வேலைக்கு வருவது இப்போதுதான். மூச்சு சீரானதும் ஒரு சிவப்புப் பேனா எடுத்து நீங்கள் உண்மையில் போன வழியை மேப்பில் வரையுங்கள். அரை மணி போனால் நினைவு மங்கிவிடும். ஜிபிஎஸ் கடிகாரம் இருந்தாலும் முதலில் கையால் வரைந்துவிட்டு அப்புறம் ஒத்துப் பாருங்கள். எங்கே இருப்பதாக நினைத்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்ற வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

திரும்பும் வழியில் டீக்கடையில் எல்லா மேப்பையும் பெஞ்சில் பரப்புவோம். வியர்வையில் ஊறியவை, செம்மண் கறை படிந்தவை, மடிப்பில் கிழிந்தவை. ஒரே லெக்கை நாலு பேர் நாலு விதமாகப் போயிருப்பார்கள். ஒருவர் வேலியோரம், ஒருவர் ஓடைக்குள்ளேயே. யார் எத்தனை நிமிடம் என்று வைத்துப் பார்த்தால், ஆறு மாதப் பயிற்சியில் தெரியாதது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரியும். அந்த 22 நிமிடத்தை நான் சிவப்பில் வரைந்து காட்டியபோது அண்ணன் மேப்பை வாங்கி, 47ஐயும் 43ஐயும் விரலால் அளந்தார். இரண்டுக்கும் நடுவே 180 மீட்டர்தான். "நீ என்னப் பாக்காம இருந்திருந்தா நேரா போயிருப்ப தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாக்ஸில் ஒட்டியிருக்கும் முள்ளைப் பிடுங்குங்கள், கணுக்காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஷூவை நிழலில் காய வையுங்கள். மேப்பின் பின்புறம் தேதி, கோர்ஸ், மொத்த நேரம், எந்த லெக்கில் எவ்வளவு இழந்தீர்கள் என்று எழுதி ஒரு ஃபைலில் போடுங்கள். அடுத்த பயிற்சிக்கு வரும்போது அந்த ஃபைலையும் கொண்டு வாருங்கள்.